புற்றுநோயும் மரபணுச் சோதனையும்: நம்ம பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மூலக்கூறு உயிரியல் படித்தவன். புற்றுநோய் தொடர்பான மரபணுச் சோதனைகள் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை. சொந்த ஊர் பாபநாசம் பக்கம். ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், ஒரு ரிப்போர்ட்டை நீட்டுவார். மன்னார்குடியிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் போனில் கேட்பவர்களும் கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். சிகிச்சை முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் போகும்முன் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

டிஎன்ஏ, மரபணு, குரோமோசோம்னு மூணு பேர் சொல்றாங்க. மூணும் ஒண்ணுதானே?

டிஎன்ஏ என்பது பொருளின் பெயர். நம் செல்லுக்குள் இருக்கும் மிக நீளமான, மெல்லிய இழை. அதில் நான்கு வகை வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஏ, டி, ஜி, சி என்று அவற்றைக் குறிப்பதால் ‘எழுத்து’ என்றே பேசுவோம். ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அந்த இழை 23 தனித்தனித் துண்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். அந்த இழையில், ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு இருக்கும் பகுதி மரபணு. அப்படிச் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன.

அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி. அதனால் கிட்டத்தட்ட எல்லா மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பாதிப் பதில்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

கேன்சர் பரம்பரை வியாதியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும். எல்லாப் புற்றுநோயும் மரபணு கெடுவதால் வருவதுதான். ஆனால் அந்தக் கெடுதல் பெரும்பாலும் வாழ்நாளில், உடம்பின் ஏதோ ஒரு செல்லில் நடக்கிறது. புகையிலை, வெயில், வைரஸ், வயது, செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை என்று காரணங்கள் பல. அது அந்தக் கட்டியோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து கெட்ட பிரதி ஒன்றை வாங்கி வந்து, அதனால் புற்றுநோய் வருவது 100 நோயாளிகளில் 5 முதல் 10 பேருக்குத்தான்.

இந்த வித்தியாசத்தை அழகாகக் காட்டியவர் ஆல்ஃபிரட் நட்சன். குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில் 48 பேரின் விவரங்களை எடுத்துக் கணக்குப் போட்டு 1971-இல் எழுதினார். சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணிலும், மிகச் சின்ன வயதிலேயே வருகிறது. சிலருக்கு ஒரே கண்ணில், கொஞ்சம் தாமதமாக வருகிறது. மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. ஒரு பிரதி பிறக்கும்போதே கெட்டிருந்தால் இன்னொன்று கெட்டால் போதும். அதனால் சீக்கிரம் வருகிறது, இரண்டு பக்கமும் வருகிறது. இரண்டும் பின்னால் கெட வேண்டுமென்றால் காலம் பிடிக்கும். அந்த மரபணு கையில் கிடைத்தது 1986-இல்தான். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, வெறும் கணக்கை வைத்து ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

எங்க குடும்பத்துல மூணு பேருக்கு வந்திருக்கு. அப்போ இது வம்சத்துல ஓடுதுன்னுதானே அர்த்தம்?

எத்தனை பேர் என்பதைவிட யாருக்கு, எந்த இடத்தில், எந்த வயதில் என்பதுதான் முக்கியம். புகையிலை போட்ட தாத்தாவுக்கு வாயில், சித்திக்குக் கர்ப்பப்பை வாயில், மாமாவுக்கு 78 வயதில் புராஸ்டேட்டில் என்று இருந்தால் மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே சமயம் ஒரே ஒருவர்தான், ஆனால் 35 வயதில் மார்பகப் புற்று என்றால், அது கட்டாயம் யோசிக்க வேண்டியது.

இவற்றில் ஏதாவது இருந்தால் கேளுங்கள்: 50 வயதுக்கு முன் மார்பகம் அல்லது பெருங்குடலில் வந்தது, இரண்டு மார்பகத்திலும் வந்தது, எந்த வயதிலானாலும் சினைப்பையில் வந்தது, ஓர் ஆணுக்கு மார்பகத்தில் வந்தது, ஒரே வழியில் இரண்டு தலைமுறைக்குப் பெருங்குடலும் கர்ப்பப்பையுமாக மாறி மாறி வந்தது. கடைசியாகச் சொன்னது லிஞ்ச் நோய்க்கூட்டமாக இருக்கலாம். டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணுக்கள் கெடுவதால் வருவது அது.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை உண்டு. முந்தைய தலைமுறையில் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘வயித்துல கட்டி’, ‘காமாலை’, ‘ரத்தப்போக்கு’ என்றுதான் சொல்லி வைத்திருப்பார்கள். அப்பாயிக்கு என்ன ஆனது என்று உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த மெஷினும் அந்தத் தகவலைத் தராது.

மார்புப் புற்று அம்மா வழியில வந்தாத்தானே? அப்பா வீட்டு ஆளுங்களுக்கு வந்ததை ஏன் கேக்குறீங்க?

இந்தத் தப்பான எண்ணத்தால் எத்தனையோ குடும்பங்கள் பாதி விவரத்தை விட்டுவிடுகின்றன. மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணு 17-ஆவது குரோமோசோமிலும், பிஆர்சிஏ2 13-ஆவதிலும் இருக்கின்றன. இவை ஆண், பெண் இருவரிடமும் ஒரே மாதிரி இருப்பவை. அப்பாவிடம் கெட்ட பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. மகன், மகள் வித்தியாசமே இல்லை.

அப்பாவுக்கு நோய் வராமலே இருக்கலாம். அவருடைய அக்கா தங்கைகள், அதாவது உங்கள் அத்தைமார்கள், அப்புறம் அப்பாயி, இவர்களைக் கேட்டால்தான் தடயம் தெரியும். ஆண்களுக்கும் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிஆர்சிஏ2 கெட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றும் மார்பகப் புற்றும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன.

ரத்தத்தை எடுத்துட்டுப் போய் அங்க என்னதான் பண்றாங்க?

ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி ரத்தம் வருகிறது. ரத்தம் உறையாமலிருக்க அதில் மருந்து இருக்கும். சிவப்பணுவில் டிஎன்ஏ கிடையாது, வெள்ளை அணுவில்தான் உண்டு. அதனால் முதலில் சிவப்பணுவை உடைத்துக் கழுவி எறிந்துவிட்டு, வெள்ளை அணுவைத் தனியாக எடுத்து, அதையும் உடைத்து, புரதத்தை நீக்குவோம். மிஞ்சிய தெளிந்த நீரில் குளிர்ந்த ஆல்கஹாலை விட்டு மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளையாக நூல் நூலாகத் திரண்டு வரும். அதுதான் டிஎன்ஏ. இப்போது பல இடங்களில் வடிகட்டி வைத்தும் மெஷினிலும் இதைச் செய்துவிடுகிறார்கள். ஆனால் புதிதாக வரும் மாணவர்களைப் பழைய முறையில் ஒருமுறையாவது செய்ய வைப்பேன். கண்ணால் பார்க்க வேண்டிய காட்சி அது.

அடுத்து, வேண்டிய பகுதியைப் பெருக்க வேண்டும். அதற்குத்தான் பிசிஆர். கொரோனா காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட அதே பிசிஆர்தான். 1983-இல் கேரி முல்லிஸ் யோசித்தது, 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும். 60 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கினால், நாம் போட்ட சின்னத் துண்டுகள் போய்ச் சரியான இடத்தில் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து புது இழையைக் கட்டும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி என்பதால் அந்தச் சூட்டில் அது சாகாது. ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகிறது. 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும்.

பிறகு எழுத்துகளைப் படிப்பது. ஃபிரெட் சாங்கர் 1977-இல் தந்த முறையில் ஒரு தடவைக்கு ஒரு துண்டைப் படிக்கலாம். மிகவும் நம்பகமானது என்பதால் இன்றும் உறுதி செய்ய அதைத்தான் நாடுகிறோம். பத்து, ஐம்பது, நூறு மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கப் புதிய தலைமுறை மெஷின்கள் இருக்கின்றன. டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படித்து, கம்ப்யூட்டரில் அடுக்கிப் பார்ப்போம். ஒரே இடத்தை நூறு தடவைக்கு மேல் படித்திருப்போம். அதில் சுமார் பாதி துண்டுகளில் மாற்றம், பாதியில் சரியாக என்று இருந்தால், இரண்டு பிரதியில் ஒன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். மரபணுவில் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் இந்த முறையில் சில சமயம் தப்பிவிடும். அதைப் பிடிக்க எம்எல்பிஏ என்று வேறு சோதனை உண்டு. அது சேர்த்துச் செய்யப்பட்டதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

நெல்லு ஆராய்ச்சியிலும் டிஎன்ஏன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஆமாம், அதே பிசிஆர், அதே கருவிகள். சம்பாவில் நடும் சிஆர் 1009, அதாவது பொன்மணி, உங்களுக்குத் தெரியும். அதில் சப்1 என்று ஒரு ரகம் வந்திருக்கிறது. பயிர் சுமார் இரண்டு வாரம் தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் மீண்டு வரும். ஒடிசாவின் ஒரு பழைய நெல்லில் இருந்த மரபணுவைப் பல தலைமுறை ஒட்டுச் சேர்க்கையில் இதற்குள் கொண்டுவந்தார்கள். எந்த நாற்றில் அந்த மரபணு வந்திருக்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கிக் காத்திருக்கவில்லை. இலையைக் கிள்ளி டிஎன்ஏ பார்த்தே பிரித்தார்கள். ஒரு குடும்பத்தில் கெட்ட பிரதி யாருக்கு வந்திருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதும் அதே வேலைதான்.

300 கோடி எழுத்துல ஒண்ணு ரெண்டு மாறினா என்ன குடி முழுகிடும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்களுக்கும் எனக்கும் நடுவில் லட்சக்கணக்கான எழுத்துகள் வேறுபடும். எந்த இடத்தில் மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல், மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ‘மரம் படம் பணம் நலம்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் மும்மூன்றாகப் பிரித்துப் படியுங்கள்: ‘மபட ம்பண ம்நல ம்’. எடுத்தது இரண்டே எழுத்து. அதற்குப் பிறகு வருவது எல்லாமே போயிற்று.

இது வெறும் உதாரணம் இல்லை. பிஆர்சிஏ1 மரபணுவின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்து விட்டுப்போன ஒரு மாற்றம் இருக்கிறது. 1863 அமினோ அமிலம் நீளம் வர வேண்டிய புரதம் 39-ஆவது இடத்திலேயே நின்றுவிடும். ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் அதிகம் காணப்படுவதால் பெயர் பெற்றது. ஆனால் தென்னிந்தியக் குடும்பங்களிலும் இது திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. ஓர் இந்தியக் குடும்பத்தில் இதைச் சுற்றியுள்ள டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, அங்கிருந்து வந்தது இல்லை, இங்கே தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. நம் மக்களின் மரபணுவை நாமே படிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அம்மாவுக்குத்தான் கேன்சர். டெஸ்ட் எனக்கு வேணும்னு வந்தேன். அம்மாவை ஏன் கூட்டிட்டு வரச் சொல்றீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சோதனையை நோய் வந்தவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்களை மட்டும் சோதித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு கெட்ட பிரதி இருந்து, அது உங்களுக்கு வராமல் போயிருக்கலாம். அது நல்ல செய்தி. அல்லது அம்மாவின் நோய்க்குக் காரணம் நாங்கள் பார்த்த மரபணுக்களிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் உங்களைப் பற்றி எதுவும் தெரியவில்லை. எது என்று சொல்ல வழியே இல்லை. அம்மாவிடம் இன்ன இடத்தில் இன்ன மாற்றம் என்று தெரிந்துவிட்டால், உங்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு பல மடங்கு குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அண்ணன் தம்பி, சித்தி பிள்ளைகள் எல்லாருக்கும் அதே மாதிரிதான்.

அம்மா தவறிட்டாங்க சார். இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ஒரு பகுதியை ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகுக்கட்டியில் வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் நோய்க்குறியியல் பிரிவில் தெரியும். நகம் அளவு இருக்கும், பழுப்பாக நடுவில் ஒரு திட்டுத் தெரியும். அதைச் சீவி டிஎன்ஏ எடுக்கலாம். ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும், சில எழுத்துகளை மாற்றியும் காட்டும். அதனால் அதில் கிடைத்ததை உயிரோடிருக்கும் ஒருவரின் ரத்தத்தில் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது. பிளாக்கை ஆஸ்பத்திரியில் எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். தள்ளிப்போடாமல் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

பிளாக் கிடைக்கவில்லை என்றால், அதே நோய் வந்து பிழைத்த இன்னோர் உறவினர், அவரும் இல்லையென்றால் இறந்தவருக்கு மிக நெருங்கிய ரத்த உறவு என்று வரிசையாகப் போவோம்.

நெகட்டிவ்னு வந்துடுச்சு. இனி நிம்மதியா இருக்கலாம்ல?

அம்மாவை ஏன் முதலில் சோதிக்கச் சொல்கிறோம் என்ற பதிலைத் திரும்பப் பாருங்கள். குடும்பத்தில் தெரிந்த மாற்றம் உங்களிடம் இல்லை என்றால், உங்கள் ஆபத்து ஊரில் மற்றவர்களுக்கு இருப்பதுதான். பூஜ்யம் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றும் கர்ப்பப்பை வாய்ப் புற்றும்தான். வயதுக்கேற்ற பரிசோதனையை விடாதீர்கள். குடும்பத்தில் மாற்றமே கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் உங்கள் நெகட்டிவ் பாதி பதில். குடும்ப வரலாற்றை வைத்து டாக்டர் சொல்கிற கண்காணிப்பைத் தொடர வேண்டும்.

ரிப்போர்ட்ல ‘வியுஎஸ்’னு போட்டிருக்கு. பாசிட்டிவா நெகட்டிவா?

இரண்டும் இல்லை. கண்ட மாற்றத்தை ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பது வழக்கம்: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, இன்னும் அர்த்தம் தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் இருப்பதுதான் வியுஎஸ். ஒரு மாற்றத்தைப் பார்த்தோம், அது கெடுதலா இல்லையா என்று முடிவு சொல்லச் சான்று போதவில்லை என்று பொருள்.

இதை வைத்து உறுப்பை எடுப்பது, குடும்பத்தில் எல்லாருக்கும் சோதனை செய்வது எதையும் செய்யக்கூடாது. நமக்கு வியுஎஸ் அதிகம் வருகிறது. உலகத்தின் மரபணுத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தினருடையது. நம்மவர்களிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு மாற்றம்கூட அங்கே புதிதாகத் தெரியும். சான்று சேரச் சேரப் பெரும்பாலான வியுஎஸ் தீங்கற்றது என்ற பக்கம்தான் நகர்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, ‘இது மாறியிருக்கா?’ என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டியிலயும் டெஸ்ட், ரத்தத்துலயும் டெஸ்ட்ங்கிறாங்க. ரெண்டு தடவை காசு வாங்கத்தானே?

இரண்டும் வேறு கேள்விகள். ரத்தத்தில் பார்ப்பது பிறவியிலேயே வந்தது என்ன என்பது. கட்டியில் பார்ப்பது அந்தக் கட்டிக்குள் மட்டும் என்ன கெட்டிருக்கிறது, அதற்கு ஏற்ற மருந்து உண்டா என்பது. நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருந்தால் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் மாதிரி மாத்திரைகள் வேலை செய்யும். மாறாதவருக்கு அந்த மாத்திரை வீண். நாள்பட்ட ரத்தப் புற்றில் ஒருவகைக்கு 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதுதான் காரணம் என்று ஜேனட் ரௌலி 1973-இல் கண்டார். அதற்கென்றே செய்த இமாடினிப் 2001-இல் வந்த பிறகு அந்த நோயின் கதையே மாறிவிட்டது.

சில சமயம் இரண்டு சோதனையும் ஒரே இடத்தில் வந்து சேரும். சினைப்பைப் புற்றில் பிஆர்சிஏ கெட்டிருந்தால் ஒலாபரிப் என்ற மருந்துக்கு வழி இருக்கிறது. அதே மாற்றம் ரத்தத்திலும் இருந்தால் மகளுக்கும் தங்கைக்கும் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் நோய்க்கு எது தேவை என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: ‘இந்த ரிசல்ட் வந்தா நீங்க எதை மாத்துவீங்க?’ அதற்குத் தெளிவான பதில் இருந்தால் சோதனை செய்யலாம்.

காலங்காலமா வெத்திலை போடுறோம். கும்பகோணம் வெத்திலையைப் போய்க் கேன்சர்னு சொல்றது நியாயமா?

வெற்றிலையைச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பட்டியலில் 2004-இல் சேர்த்தது கொட்டைப்பாக்கை. புகையிலை சேர்த்த தாம்பூலம் மட்டுமல்ல, புகையிலை இல்லாத பாக்குத் தாம்பூலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘நான் புகையிலை போடுறதில்லையே, வெறும் பாக்குதானே’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாய் சுருங்கி, இரண்டு விரல்கூட நுழையாமல் போவது பாக்கின் முதல் எச்சரிக்கை. காரம் பட்டால் எரிவது, வெள்ளைத் திட்டு, ஆறாத புண் எதுவானாலும் உடனே காட்டுங்கள். கொடிக்கால் வைத்திருப்பவர்கள் மனம் நோக வேண்டியதில்லை, இலை அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்குப் பரம்பரை மரபணுச் சோதனை தேவையில்லை. வாயின் செல்களில் டிபி53 மாதிரி காவல் மரபணுக்கள் கெடுவதால் வருவது. நிறுத்துவதுதான் மருந்து.

வயல்ல அடிக்கிற பூச்சிமருந்தாலதான் நம்ம டெல்டாவுல கேன்சர் கூடுதுன்னு சொல்றாங்க. டிஎன்ஏ டெஸ்ட்ல தெரியுமா?

பரம்பரைச் சோதனையில் தெரியாது. லிண்டேனை உறுதியான பட்டியலிலும், டிடிடி, மாலத்தியான், கிளைஃபோசேட் ஆகியவற்றை ‘அநேகமாக’ என்ற பட்டியலிலும் அதே அமைப்பு 2015-இல் வைத்தது. எனவே முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரில் நின்று மருந்தடிப்பது கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்தில் நோய் கூடுகிறதா என்பதைப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும், ஊர்ப் பேச்சை வைத்து அல்ல.

சில காரணிகள் கட்டியின் டிஎன்ஏவில் தடம் விட்டுப்போகும். புகையிலைக்கு ஒரு தடம், வெயிலுக்கு ஒரு தடம். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலையிலும் தானியத்திலும் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு, ஈரல் புற்றில் டிபி53 மரபணுவின் 249-ஆவது இடத்தில் ஒரு ஜி-யை டி-யாக மாற்றும். அவ்வளவு துல்லியம். ஆனால் எல்லா ரசாயனமும் இப்படிக் கையெழுத்துப் போடுவதில்லை. அறுவடையை நன்றாகக் காயவைப்பதும், பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டுக்குக்கூடப் போடாமல் ஒதுக்குவதும் நம் கையில் இருக்கும் காரியம்.

சொந்தத்துல கட்டினதால வந்ததா?

பிஆர்சிஏ விஷயத்தில் இல்லை. ஒரு கெட்ட பிரதியே ஆபத்தைக் கூட்டப் போதும். அது அசலில் கட்டினாலும் சொந்தத்தில் கட்டினாலும் இரண்டில் ஒரு வாய்ப்பில்தான் இறங்கும்.

ஆனால் பிறக்கும்போதே இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் மட்டும் வரும் நோய்கள் உண்டு. அங்கே உறவுமுறை கணக்குக்கு வரும். தாய்மாமனும் அக்காள் மகளும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் முறையில் எட்டில் ஒரு பங்கு. ஒரே கெட்ட பிரதி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டும் சேரும். பிஆர்சிஏ2 இரண்டு பிரதியும் அப்படிக் கெட்டால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் குழந்தைக்கே வரும். குடும்பத்தில் மாற்றம் தெரிந்த பிறகு சொந்தத்தில் பேச்செடுத்தால், இருவரையும் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்யாணம் ஆகாத பொண்ணு. டெஸ்ட் எடுத்தா மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சிடுமே?

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. உண்மையிலேயே சம்பந்தங்கள் நின்றிருக்கின்றன. ரிப்போர்ட் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானது. அவள் சம்மதமில்லாமல் அப்பாவிடம்கூடச் சொல்லக்கூடாது. 18 வயது ஆன பிறகு, எடுப்பதா வேண்டாமா என்பதும் அவள் முடிவுதான். 21 வயதில் எடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. கண்காணிப்பு 25-ஐ ஒட்டித்தான் தொடங்கும்.

கட்டிக்கப் போகிறவரிடம் சொல்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். மாமியார் வீட்டுக்கு முழுக்கச் சொல்ல வேண்டும் என்று இல்லை. இருவருமாக மரபணு ஆலோசகரிடம் வந்து உட்கார்ந்தால், மாற்றம் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு என்று அவருக்கும் புரியவைக்கலாம்.

பாசிட்டிவ்னு வந்தா உடனே மார்பை எடுத்துடணுமா?

உடனே எதையும் எடுக்க வேண்டாம். பிஆர்சிஏ கெட்ட பெண்களில் 80 வயதுக்குள் 100-க்குச் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்று வருகிறது. சினைப்பையில் பிஆர்சிஏ1 என்றால் சுமார் 44, பிஆர்சிஏ2 என்றால் 17. இது வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு, நாளைக்கே வருவது இல்லை. 25 வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை மார்பக எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேர்த்து என்று கண்காணிக்கலாம். மார்பகத்தை எடுப்பது ஒரு வழி, கட்டாயம் இல்லை.

சினைப்பை விஷயம் வேறு. அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லை. அதனால் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, பிஆர்சிஏ1-க்கு 35–40 வயதிலும், பிஆர்சிஏ2-க்கு 40–45 வயதிலும் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுக்கச் சொல்கிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

சின்னப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துப் பார்த்துடலாமா?

பிஆர்சிஏ மாதிரி பெரியவர்களானபின் வரும் நோய்க்கு வேண்டாம். குழந்தையாக இருக்கும்போது அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, முடிவெடுக்கும் உரிமையைப் பறித்ததாகிவிடும். ரெட்டினோபிளாஸ்டோமா மாதிரி குழந்தைப் பருவ நோய் என்றால் நேர் எதிர்: பிறந்த உடனே பார்க்க வேண்டும், கண்ணைக் காப்பாற்றலாம்.

முகாம்ல கர்ப்பப்பை வாய்க்கு டிஎன்ஏ டெஸ்ட்னு எடுத்தாங்க. அதுவும் பரம்பரைதானா?

இல்லை, அதில் பார்ப்பது உங்கள் டிஎன்ஏவை அல்ல, எச்பிவி வைரஸின் டிஎன்ஏவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் 100-க்குச் சுமார் 70, அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருகிறது. வைரஸின் இரண்டு புரதங்கள், மேலே சொன்ன டிபி53-யின் புரதத்தையும் நட்சன் சொன்ன கண் புற்று மரபணுவின் புரதத்தையும் முடக்கிவிடும். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாத்தியிருக்கு. அவன் ரத்தத்துல பார்க்கலாமா?

கூடாது. அவர் ரத்தத்தில் இப்போது ஓடுவது மஜ்ஜை கொடுத்தவரின் டிஎன்ஏ. எச்சிலிலும் வெள்ளை அணு கலந்திருக்கும் என்பதால் அதுவும் சரிவராது. தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்து, செல் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதேபோல இன்னொன்று: வயதானவர்களின் ரத்தத்தில் சில சமயம் டிபி53 மாற்றம் பாதிக்குப் பதில் 10, 15 சதவீதத் துண்டுகளில் மட்டும் தெரியும். அது வயதாக ஆக மஜ்ஜையின் சில செல்களில் மட்டும் வந்ததாக இருக்கலாம். பரம்பரை என்று முடிவு கட்டும்முன் தோலில் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

முதல்ல எங்க போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

சிகிச்சை பார்க்கும் டாக்டரிடமே தொடங்குங்கள். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காட்டி, மேலே அனுப்பச் சொல்லிக் கடிதம் வாங்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மூலக்கூறு புற்றுநோயியல் பிரிவும் பரம்பரைப் புற்றுநோய் ஆலோசனையும் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு எடுத்த முயற்சியால் 1954-இல் உருவானது அது.

பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் விவரம், பிளாக் எண் ஆகியவற்றோடு மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த வயதில் என்று எழுதியிருக்க வேண்டும். நோய் வராமல் 85 வயது வரை இருந்த பாட்டியையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

பங்காளிகளோட சொத்துத் தகராறு. பேச்சுவார்த்தையே இல்ல. அவங்களுக்கு எப்படிச் சொல்றது?

சொல்லியே ஆக வேண்டும். பெரியப்பா மகளுக்கும் அதே மாற்றம் இருக்கலாம், அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம். வரப்புத் தகராறு கோர்ட்டில் இருக்கட்டும். நேரில் போக முடியாவிட்டால் தபாலில் ஒரு கடிதம் போதும். ஆலோசகரே எழுதிக் கொடுப்பார். ‘எங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் தொடர்பான பரம்பரை மரபணு மாற்றம் இருப்பது தெரிந்திருக்கிறது. ரத்த உறவு என்பதால் உங்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. விருப்பமிருந்தால் சோதனை செய்துகொள்ளலாம்’ என்ற மூன்று வரியே போதுமானது. நோய் வந்தவரின் சம்மதத்தோடு ரிப்போர்ட்டின் நகலையும் வையுங்கள். மாற்றத்தின் பெயர் எழுதிய வரி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உறையை ஒட்டுங்கள். எந்த ஊர் ஆய்வுக்கூடத்துக்கு அவர்கள் போனாலும் முதலில் கேட்பது அந்த வரியைத்தான்.